குதிரைவாலியில் குறுணை

"எங்க வீட்ல எனக்கு விஷம் வைக்கிறாங்க, மாஸ்டர்."

"இன்னா விஷம்?"

"சோறு."

கெங்கம்மா இரும்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டையும் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"உக்காருங்க," என்றாள்.

பாலாற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை; அதுதான் அவளுடைய உடற்பயிற்சிக் கூடம். உள்ளே இரும்பு, ரப்பர் விரிப்பு, ஒரு முக்காலி. ஆற்றைப் பார்த்தபடி ஒரே ஒரு ஜன்னல். ஆறு என்று சொல்வது மரியாதைக்காக. அங்கே இருந்ததெல்லாம் மணல்.

கெங்கம்மாவுக்கு முப்பது தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் பளு தூக்கிப் பதக்கம் வாங்கியவள். அவளைவிட இருபது வயது மூத்த ஆண்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தை பேசுகிற நேரத்தில் ஒரு குண்டைத் தூக்கி வைத்துவிடலாம் என்பது அவளுடைய கணக்கு.

வந்தவர் தணிகாசலம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பார்க்கிற செக்கிங் இன்ஸ்பெக்டர். ஊர் உலகத்தைச் சந்தேகப்படுவதற்கென்றே அவருக்குச் சம்பளம். வேலையை வேலையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆளில்லை அவர்.

"சக்கரை, மாஸ்டர். ஆறு மாசமாச்சு. மாத்திரை போடறேன், நடக்கிறேன். அரிசியை விட்டேன், காப்பியில சக்கரையை விட்டேன். இந்த வருஷம் ஒரு மாம்பழம்கூட வாயில வெக்கல. உடம்பு மட்டும் இளைச்சுது. சக்கரை இறங்கல."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"இறங்கலன்னா காலுக்கு ஆபத்துன்னு சொல்றாரு."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"எங்கியோ திருட்டு நடக்குதுன்னு சொல்றேன்."

கெங்கம்மா அவருடைய காலைப் பார்த்தாள். கொட்டகைக்குள் எல்லோரும் வெறுங்காலோடுதான் வர வேண்டும். தணிகாசலம் ஷூவைக் கழற்றியிருந்தார். சாக்ஸைக் கழற்றவில்லை.

"சாக்ஸு?"

"குளிருது, மாஸ்டர்."

அப்போது கத்திரி வெயில். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூரைத் தகரம் சுட்டு, உள்ளே நின்றவர்கள் எல்லோருக்கும் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

கெங்கம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. முக்காலியைக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க."

அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"கை ஊனாதீங்க. மறுபடியும்."

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும், கையை எதன் மேலும் ஊன்றக் கூடாது. தணிகாசலம் ஊன்றிக்கொண்டே இருந்தார். கெங்கம்மா அதட்டிக்கொண்டே இருந்தாள்.

இந்தப் பொம்பளைக்கு வேற ஒண்ணும் தெரியாதோ என்று அவர் சந்தேகப்பட்டபடி வீட்டுக்குப் போனார்.

*

மறுநாளும் வந்தார். சந்தேகம் இருக்கிற இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது அவருடைய தொழில் வழக்கம்.

"டிக்கெட் இல்லாதவனை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கெங்கம்மா கேட்டாள்.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. ஆறு மாதத்தில் அவரிடம் யாரும் அவருக்குப் பிடித்த எதையும் கேட்டதில்லை.

"டிக்கெட்டைப் பாக்கவே வேணாம், மாஸ்டர். மூஞ்சியே சொல்லிடும். நான் ஏறினதும் டிக்கெட் இருக்கிறவன் என்னைப் பாப்பான். இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பாப்பான். தினமும் அதே ரூட்டுல போறவனா இருப்பான். அதே புளியமரம், அதே மைல்கல். ஆனா அன்னிக்குத்தான் புதுசா பாக்கிற மாதிரி அப்படி ஒரு அக்கறையாப் பாப்பான்."

"தப்பாப் போனதே இல்லையா?"

"போனதில்ல."

"சரி. உங்க வீட்டம்மாவுக்கு விஷயமெல்லாம் தெரியுமா?"

"எந்த விஷயம்?"

"சக்கரை விஷயம்."

மணலில் ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார்.

"எல்லாம் சொல்லியிருக்கேன், மாஸ்டர்."

கெங்கம்மாவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"எருமையா?"

"ஆமா."

"நேத்தும் அங்கதான் நின்னுச்சு," என்றாள். "உக்காருங்க. எழுந்திருங்க. கை ஊனாதீங்க."

*

வீட்டில் தணிகாசலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைந்தார்.

எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டார். மறுநாள் பார்த்தால் எண்ணெய் இறங்க வேண்டிய அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. வெல்லத்தை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். நெய் ஜாடியை மோந்து பார்த்தார். அதில் நெய்யே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற வண்டியில்தான் பெரிய திருட்டு நடக்கும் என்று அவர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு.

அவருக்கென்று தனித்தட்டு, தனிக் கிண்ணம். சாதத்துக்குப் பதில் குதிரைவாலி. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவருடைய மனைவி அம்சவேணி பரிமாறும்போது அவர் சோற்றைப் பார்க்க மாட்டார், அவளுடைய கையைப் பார்ப்பார்.

"குழம்புல இன்னா போட்ட?"

"புளி, மொளகா, கத்திரிக்கா."

"வேற?"

"உப்புங்க."

"வேற?"

பத்தாவது படிக்கிற மகள் சௌமியா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மாகிட்ட டிக்கெட் கேக்கிற மாதிரியே பேசறீங்க," என்றாள்.

"நீ படிக்கிற வேலையைப் பாரு."

அவள் பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டாள். அந்த வீட்டில் இப்போதெல்லாம் யாருமே வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்திருப்பதில்லை.

முன்பு அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்சவேணி குழம்புச் சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைவாள். சட்டியில் ஒட்டியிருக்கிற மசாலாவெல்லாம் அந்தச் சோற்றில் வந்துவிடும். உருட்டி உருட்டி ஆளுக்கொரு கை கொடுப்பாள். வயிறு நிறைந்தவர்களும் அதை வேண்டாம் என்று சொன்னது கிடையாது. யாருக்கு எத்தனை உருண்டை என்று யாரும் எண்ணியதும் கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் பழக்க தோஷத்தில் ஓர் உருண்டையை அவர் பக்கம் நீட்டினாள்.

தணிகாசலம் கையை நீட்டவில்லை.

"இதுல இன்னா இருக்குது?" என்றார்.

அம்சவேணியின் கை அப்படியே நின்றது.

"சோறுங்க," என்றாள்.

உருண்டையைத் திரும்பச் சட்டியிலேயே போட்டாள். அதை யாரும் சாப்பிடவில்லை.

*

"கேட்டீங்களா?" என்றாள் கெங்கம்மா.

"யாரை?"

"வீட்டம்மாவை. சோத்துல ஏதாவது கலக்கிறியான்னு."

தணிகாசலம் சிரித்தார். இந்தப் பெண்ணுக்கு இரும்பு தெரியும், மனுசனைத் தெரியாது.

"டிக்கெட் எடுத்தியான்னு கேட்டா, எடுக்கலன்னா சொல்லுவான்?"

"ஒருத்தன்கூட சொன்னதில்லையா?"

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒருத்தன்கூட 'ஆமா, எடுக்கல'ன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னதில்ல."

"அந்த டிபன் பாக்ஸைக் குடுங்க."

மத்தியானத்துக்கு அம்சவேணி கட்டிக்கொடுத்தது. கெங்கம்மா தரையில் உட்கார்ந்து திறந்தாள். குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு சின்னக் கிண்ணத்தில் ரசம். அவள் நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

தணிகாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். பாதியில் நிறுத்துவாள் என்று நினைத்தார். அவள் நிறுத்தவில்லை. ரசத்தைத் தூக்கிக் குடித்தாள். விரலை நக்கினாள்.

அப்புறம் தன் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். அவித்த முட்டையும் பச்சைப்பயறும். அவர் அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

"இன்னா கண்டுபிடிச்சீங்க, மாஸ்டர்?"

"யாரோ உங்களையே நெனச்சுக்கினு பாத்துப் பாத்து சமைச்சது."

"அதான் எனக்கும் சந்தேகம்!"

கெங்கம்மா அவரை வெகுநேரம் பார்த்தாள். கோபமா, இரக்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சமைக்கிறவங்களை இங்க கூட்டிக்கினு வாங்க," என்றாள்.

"அவ எதுக்கு? அவளுக்கா சக்கரை?"

"நீங்க கூட்டிக்கினு வாங்க."

அன்றைக்குத் திரும்பிப் போகும்போது தணிகாசலத்துக்குப் புதுச் சந்தேகம் ஒன்று முளைத்தது. இவளும் அவளும் கூட்டோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சத்தில் இருந்ததும் பேயாகத்தான் தெரிந்தது.

*

அந்த வாரத்திலேயே திருட்டு அகப்பட்டது.

டியூட்டிக்குப் போனவர் மதியத்துக்கு முன்பே சொல்லாமல் திரும்பி வந்தார். தெருக்கதவு திறந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்காமல் நடந்து சமையலறை வாசலில் நின்றார்.

அம்சவேணி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இரண்டு டப்பா. ஒன்றில் குதிரைவாலி. இன்னொன்றில் அரிசிக் குறுணை, மாவு மில்லில் வாங்குகிற நொய். கைப்பிடி கைப்பிடியாகக் குறுணையை எடுத்துக் குதிரைவாலியில் போட்டு, விரலை விட்டுக் கலந்துகொண்டிருந்தாள். வெள்ளையோடு வெள்ளை. வேகவைத்துவிட்டால் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அதிலும் குழம்பை ஊற்றிவிட்டால் சாட்சியே கிடையாது.

எண்ணெயில் தேடினார், நெய்யில் தேடினார், வெல்லத்தைப் பூட்டி வைத்தார். திருட்டோ சோற்றுப் பானைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அப்போது தணிகாசலத்துக்கு வந்தது சந்தோஷம். இதை எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. கட்டிய மனைவி தன்னை ஏமாற்றுகிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு மனிதர் தன் வீட்டு வாசற்படியில் நின்று மனம் குளிர்ந்துபோனார். நான் சொன்னது சரியாகிவிட்டது, சரியாகிவிட்டது என்று உள்ளே ஒரே கும்மாளம்.

அவர் கூப்பிடவில்லை. வந்த வழியே வெளியே போனார். சாயந்திரம் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது அந்த டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்து, ரப்பர் பேண்டு போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு எடத்துக்குப் போறோம். கிளம்பியிரு," என்றார் மனைவியிடம்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஆறு மாதமாக அவர் தன்னை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

தணிகாசலம் பொட்டலத்தை நீட்டினார்.

"பாருங்க, மாஸ்டர்."

கெங்கம்மா அதைக் கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் கொட்டினாள். ஒற்றை விரலால் பரப்பினாள். சின்னச் சின்ன உருண்டையாகக் குதிரைவாலி. நடுநடுவே மூலை உடைந்த அரிசி. கறுப்பின் மேல் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன.

அம்சவேணி அதைப் பார்த்தாள். தான் எதற்காக அங்கே அழைத்துவரப்பட்டிருக்கிறோம் என்று புரிந்தது. நல்ல புடவையின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கேளுங்க, மாஸ்டர், அவளை," என்றார் தணிகாசலம். குரல் கணீரென்று இருந்தது. "கேளுங்க."

கெங்கம்மா கேட்க வாயைத் திறப்பதற்கு முன்பே அம்சவேணி சொன்னாள்:

"ஆமா. நான்தான் கலந்தேன்."

அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

தணிகாசலத்துக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இல்லை என்பாள், அழுவாள், சாமி மேல் ஆணையிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா கலந்தீங்க?" என்றாள் கெங்கம்மா.

"இளைச்சுக்கினே வராருங்க. பெல்ட்டுல ஆணியை வெச்சு அடிச்சு ஓட்டை போட்டுக்கிறாரு. ராத்திரியில எத்தினி தடவை எழுந்து போறாரு. வீட்டுக்குள்ளகூட சாக்ஸைக் கழட்டறதில்ல. கேட்டா ஆபீஸ்ல உடம்பைக் குறைக்கச் சொல்லி ஆர்டருங்கிறாரு. சிரிச்சுப் பேசி எவ்வளவு நாளாச்சு. மொதல்ல வேற பொம்பளை விவகாரமோன்னு நெனச்சேன்."

கெங்கம்மா சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு நாள் காலையில இவரு கிளம்பினதும் பின்னாடியே வந்து, இந்த ஆத்தங்கரையில நின்னு பாத்தேன். இவரு ஒண்டியா மணல்ல வேகவேகமா நடந்துக்கினு இருந்தாரு. அப்பாடான்னு திரும்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் பயம் அதிகமாச்சு. எங்கண்ணன் சம்பத்து லாரி ஓட்டுச்சு. அதுவும் இப்படித்தான் இளைச்சுது. இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுச்சு. அதுக்குச் சக்கரை. மொதல்ல வெரலு, அப்புறம் காலு, அப்புறம் ஆளே போயிடுச்சு. தினமும் புண்ணுக் கட்டைப் பிரிச்சுக் கழுவினது நானு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். ரப்பர் விரிப்பில் கிடந்த தானியத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். சிந்திக் கிடப்பதை அப்படியே விட அவளுடைய கைக்குத் தெரியாது.

"அதனால நேராவே கேட்டேங்க. சக்கரையான்னு. இல்லன்னாரு. எனக்கு மனசு ஆறல. கெங்கையம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கினு போய், சந்நிதியில கையை நீட்டினேன். இவரு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு."

மேலே தகரம் வெயிலுக்கு முனகியது.

"சத்தியம் பண்ணவரை அப்புறம் எப்படிங்க சந்தேகப்படறது?"

கெங்கம்மா வெறும் பொட்டலக் காகிதத்தை மடித்து வைத்தாள்.

"சக்கரை இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப வேற ஏதோ. பேரைச் சொல்லவே வாய் வரல எனக்கு. இதுல அரிசிச்சோறும் வேணாம்னு இந்தக் குதிரைவாலியைத் தின்னுக்கினு கெடக்கிறாரு. நாலு அரிசி உள்ள போனா ஆளு நிப்பாருன்னுதான் கலந்தேன். என் பங்குச் சோத்தைக் குறைச்சுக்கினு கலந்தேன். தப்புன்னா தப்புதான்."

சொல்லிவிட்டு அவள் மறுபடியும் அவரைப் பார்த்தாள். அவளுடைய பார்வை அங்கே இங்கே போகவில்லை.

கெங்கம்மா முக்காலிப் பக்கம் திரும்பினாள்.

"சார்."

அவர் திரும்பவில்லை.

"ஜன்னலுக்கு வெளியே இன்னா பாக்கிறீங்க?"

*

அன்றைக்கு எருமைகூட இல்லை. வெறும் மணல்.

தணிகாசலம் தலையைத் திருப்பினார். மெதுவாகக் குனிந்தார். இடது காலை எடுத்து வலது தொடையின் மேல் போட்டுக்கொண்டார்.

சாக்ஸைக் கழற்றினார்.

பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். புது ஷூ கடித்ததில் ஆரம்பித்தது. மேலே பவுடரைக் கொட்டி வைத்திருந்தார். ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

அம்சவேணி சத்தம் போடவில்லை. தரையில் நகர்ந்து வந்து அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நல்ல புடவை என்று அவள் பார்க்கவில்லை. பழகின கை அவளுடையது. எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. தணிகாசலம் அந்தக் கையையே பார்த்தார். இந்தக் கை இன்னொரு தடவை இந்த வேலையைச் செய்யக் கூடாது என்றுதான் அவர் பொய்ச் சத்தியம் பண்ணினார். அவளுடைய பயத்தைப் பார்க்க அவருக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட இந்தப் புண்ணைக் காட்டினீங்களா?"

"இல்ல."

"சக்கரைதானே?"

"ஆமா."

அவள் கட்டைவிரலால் புண்ணின் ஓரத்தை மெல்ல அழுத்தினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"வலிக்குதா?"

இல்லை என்று சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் ஆறு மாதத்துக்கு முன்பு அவர் நினைத்திருப்பார். இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"தெரியல, அம்சா. நீ அழுத்தறது கண்ணுக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

அவளுடைய கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. காலை மடியிலிருந்து இறக்கித் தன் முந்தானையின் மேல் வைத்தாள், தரையில் படாமல்.

கெங்கம்மா அதற்குள் வெளியே போய் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

அம்சவேணி முந்தானையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

தணிகாசலம் அந்தக் கையைப் பார்த்தார். சத்தியம் கேட்கிறாள் என்று நினைத்தார். கேட்க வேண்டியதுதான். நியாயம்தான். அடிப்பதற்குத் தன் கையைத் தூக்கினார். 

"அதெல்லாம் வேணாம்," என்றாள் அவள். "புடிச்சுக்கினு எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவர் அந்தக் கையைப் பிடித்தார். முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டு எழுந்தார்.

வாசலில் நின்ற கெங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஊனாதீங்க என்று அவள் அதட்டவில்லை.